மாட்டுக்கு 1,186 மோப்ப மரபணுக்கள்: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

"நாய்க்கு 811, மாட்டுக்கு 1,186. அப்படின்னா மோப்பத்தில் மாடுதானே கெட்டி?" கால்நடை மருத்துவ முதுகலை மாணவர்களுக்கு மரபணுத் தரவு சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. எண்களில் தவறில்லை. ஜப்பானின் நீமுரா குழு 13 பாலூட்டிகளை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டவை அவை. அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்க யானைக்கு இரண்டாயிரத்தை ஒட்டி வரும், மனிதனுக்கு 396. ஆனால் இந்த எண்ணிக்கை ஒரு கணினித் தேடலின் விளைவு. எந்த மாட்டின் மூக்கையும் யாரும் சோதித்து எண்ணியதல்ல. மோப்பத்தின் கூர்மைக்கு மூக்கினுள் இருக்கும் வாசனைப் படலத்தின் பரப்பு, அதில் உள்ள நரம்புச் செல்கள் என்று வேறு கணக்குகளும் உண்டு. மரபணு எண்ணிக்கையை மட்டும் வைத்து யார் கெட்டி என்று சொல்ல முடியாது.

சரி, தேடல் எப்படி நடக்கிறது? மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதம்தான் வாசனை ஏற்பி, அதற்கான மரபணுக்களைத்தான் மோப்ப மரபணுக்கள் என்கிறோம். அவற்றை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் எலியில் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் கிடைத்தது. ஓர் ஏற்பி சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், செல்லின் சவ்வை ஏழு முறை கடந்து போகும். இந்த மரபணுக்களில் நமக்கு வசதியான விஷயம் ஒன்று உண்டு. புரதத்துக்கான பகுதி பொதுவாக இடையில் துண்டுபடாமல் ஒரே நீளமாக இருக்கும். அதனால் மனிதன், சுண்டெலி, நாய் ஆகியவற்றில் ஏற்கெனவே தெரிந்த ஏற்பிப் புரதங்களை எடுத்து, மாட்டின் முழு மரபணுத்தொகைமேல் டிபிளாஸ்ட்என் என்ற நிரலை ஓட்டினால் போதும், ஒத்த இடங்களெல்லாம் வந்து விழும்.

விழுவது கொஞ்சநஞ்சமல்ல. இந்த ஏற்பிகள் எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதால் மாட்டின் ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான தேடல் புரதங்கள் வந்து தொடும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தவற்றைச் சேர்த்து, சிறந்த பொருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இருபுறமும் நீட்டித் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு வம்சாவளி மரம் வரைந்து, ஏழு முறை சவ்வைக் கடக்கும் மற்றக் குடும்பத்து ஏற்பிகளைக் கழிக்க வேண்டும். அந்த மரத்தைப் போடாமலே பட்டியல் கொண்டுவருகிறவர்கள் உண்டு. நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

திரையில் பார்த்தால் ஓர் ஏற்பியை அடையாளம் காட்டுவது மூன்றாவது சவ்வுக் கடப்பின் முடிவில் வரும் அமினோ அமில வரிசை (ஓர் எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம்): எம்ஏஒய்டிஆர்ஒய்விஏஐசி. நாளாக ஆக இது மனப்பாடமாகிவிடும். நடுவில் உள்ள அந்த 'ஆர்' டிஎன்ஏவில் சிஜிஏ என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். முதல் எழுத்து மட்டும் மாறி டிஜிஏ ஆனால் அது முடிவுக் குறி. புரதம் பாதியிலேயே நின்றுவிடும், மரபணு 'போலி மரபணு', அதாவது வேலை செய்யாத மரபணு, கணக்குக்குப் போய்விடும். ஆனால் அந்த எழுத்து மாட்டிலேயே மாறியதா, வரிசை படித்த கருவி செய்த பிழையா? மூலத் தரவைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எண்ணிக்கை ஆய்வுக்கு ஆய்வு ஏன் மாறுகிறது என்பதும் இங்கேதான் புரியும். 2013இல் வந்த இன்னோர் ஆய்வில் மாட்டுக்கு முழுமையான ஏற்பி மரபணுக்கள் 881. ஒரே வருடத்தில் முந்நூறு கூடிவிடவில்லை. துண்டு துண்டாகப் படித்ததை ஒட்டிச் சேர்த்த மரபணுத்தொகைத் தொகுப்புகளில் எதை எடுத்தார்கள், எவ்வளவு நீளம் இருந்தால் முழு மரபணு என்று ஒத்துக்கொண்டார்கள், அறுந்த துண்டுகளை எங்கே சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. இந்த மரபணுக்கள் குரோமோசோம்களில் கொத்துக் கொத்தாக, ஏறக்குறைய ஒரே முகத்தோடு அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே மாதிரி வீடுகள் கட்டிய காலனியில் ஜன்னல் படங்களை மட்டும் வைத்து வீடுகளை எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? சிறு துண்டுகளாகப் படித்துத் தொகுக்கும்போது அதுதான் நடக்கிறது. இரண்டு வீடு ஒன்றாகிவிடும், அல்லது ஒன்று இரண்டாகிவிடும். ஆக, பட்டியலில் ஒரு மரபணு இல்லை என்பதால் அது மாட்டில் இல்லை என்று ஆகிவிடாது.

நம் ஊர் மாடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2009இல் வெளியான மாட்டு மரபணுத்தொகை அமெரிக்காவின் மான்டானாவில் வளர்ந்த எல்1 டோமினெட் 01449 என்ற ஹெர்ஃபோர்டு பசுவுடையது. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்த மாடு அது. தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் அதிகம் வேறுபடாது, தொகுப்பது எளிது என்று தேர்ந்தெடுத்தார்கள். திமில் இல்லாத ஐரோப்பிய வகை. காங்கேயமும் உம்பளாச்சேரியும் திமிலுள்ள இண்டிகஸ் வகை. வாசனை ஏற்பிகளோ பிரதி எண்ணிக்கை மாட்டுக்கு மாடு வேறுபடும் மரபணுக்களில் முக்கியமானவை. காங்கேயத்தின் தரவை டோமினெட்டின்மேல் மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு "இந்த ஏற்பி நாட்டு மாட்டில் இல்லை" என்றோ, "இது நாட்டு மாட்டுக்கே உரியது" என்றோ எழுதுவது அவசரம். 2020இல் நீண்ட துண்டுகளாகப் படித்துத் தொகுத்த பிராமன் மரபணுத்தொகை வெளிவந்திருக்கிறது. பிராமன் என்பது ஓங்கோல், கிர் போன்ற இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம். குறைந்தபட்சம் அதிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பண்ணையாளர்கள் கேட்பது வேறு: "சினைப்பருவத்தை மோப்ப மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா சார்?" பசுவின் மூத்திரத்தை முகர்ந்து காளை மேலுதட்டைச் சுருட்டுகிறதே, அது மணத்தை மேலண்ணத்துக்கு மேலே உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பும் வேலை. அங்கே இருப்பவை வேறு குடும்பத்து ஏற்பிகள். அவற்றில் ஒரு பிரிவு, வி2ஆர், சுண்டெலியில் நூற்றுக்கு மேல் வேலை செய்கிறது. மாட்டில் தேடினால் சிதைந்த மிச்சங்களே கிடைக்கின்றன. சுண்டெலியில் இருப்பது மாட்டிலும் இருக்கும் என்று ஊகித்து யாராவது பரிசோதனைப் பெட்டி விற்க வந்தால், எந்த ஏற்பி, எந்த வேதிப்பொருள் என்று கேளுங்கள். அந்த வேலை மூத்திரத்தை நேரடியாக ஆராய்வதில் தொடங்குகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தினர் எருமையின் சினைப்பருவ மூத்திரத்தில் 4-மெத்தில்பீனாலைச் சுட்டியது அப்படித்தான்.

ஆய்வேடு எழுதும் மாணவர்கள் தொகுப்பின் பெயர், பதிப்பு, தேடலுக்கு எடுத்த உயிரினங்கள், நீள வரம்பு இவற்றை எண்ணிக்கைக்கு முன்னால் எழுதுங்கள். இன்ன மணத்தை உணர்கிறது என்று செல்லில் வைத்துச் சோதிக்காத ஏற்பியின் பெயருக்கு முன்னால் 'உத்தேச' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.