எல்லா நாளும் 86,400 வினாடி இல்லை

2025 மார்ச் முடிவதற்குள் இதே புகாரோடு எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு. கட்டுமானக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம். சர்வர் நியூயார்க் நேரத்தில் ஓடுகிறது. பில் போடும் ஸ்கிரிப்டை எழுதியவர் சென்னையில் இருக்கும் ஒரு தம்பி. மார்ச் 1 அன்று போன கருவி மார்ச் 31 அன்று திரும்பியிருக்கிறது. 30 நாள் வாடகை வர வேண்டும். பில்லில் 29.

"அண்ணா, என் லேப்டாப்ல 30தான் வருது. சர்வர்லதான் ஏதோ கோளாறு" என்றார்.

சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு தேதிகளையும் லினக்ஸின் டேட் (date) கட்டளையால், 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடியாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, 24 மணி நேரத்தின் வினாடிகளான 86,400ஆல் வகுத்திருந்தார். இந்த வழியைத்தான் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது நம் ஊர்க் கணக்கு. கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் 2025 மார்ச் 9 அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். தேதியை மட்டும் கொடுத்தால், டேட் கட்டளை அதை அந்த இயந்திரம் இருக்கும் நேர மண்டலத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, 25,92,000 வினாடி இருக்க வேண்டிய இடத்தில் 25,88,400. வகுத்தால் 29.958. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் தசமத்தை அப்படியே வெட்டிவிடும். குறைந்தது ஒரு மணி நேரம், பில்லில் போனது ஒரு முழு நாள் வாடகை.

நவம்பரில் கடிகாரத்தைத் திரும்பப் பின்னே வைக்கும்போது ஒரு நாள் 25 மணி நேரமாகிறது. அப்போது மிஞ்சும் ஒரு மணி நேரம் வகுக்கும்போது உதிர்ந்துவிடுவதால் விடை சரியாகவே வரும். அதனால் ஏப்ரலில் எழுதிய ஸ்கிரிப்ட் பதினோரு மாதம் பிசகாமல் ஓடும். மார்ச்சில் கவிழும்போதும், 9ஆம் தேதியோ அதற்கு முன்னாலோ போய், 9க்குப் பின்னால் திரும்பிய கருவிகளின் பில்கள் மட்டும் தப்பாகும். பக்கத்துப் பில் சரியாக இருக்கிறதே என்று ஆட்கள் நாள் கணக்கில் குழம்புகிறார்கள். உலக நேரத்தைச் சரிசெய்ய எப்போதாவது சேர்க்கும் லீப் வினாடியாக இருக்குமோ என்றும் கேட்கிறார்கள். இல்லை, இந்த எண்ணில் லீப் வினாடி சேர்வதே கிடையாது.

"நம் பக்கம் கடிகாரத்தை மாற்றுவதில்லையே" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இலங்கை 1996இல் தன் நேரத்தை முன்னே தள்ளியது, 2006இல்தான் பழையபடி, உலகப் பொது நேரத்துக்கு (UTC) ஐந்தரை மணி நேரம் முன்னே என்ற கணக்குக்குத் திரும்பியது. கொழும்பு நேரம் வைத்த இயந்திரத்தில் 1996 ஜனவரி 1 முதல் 1997 ஜனவரி 1 வரை இதே முறையில் கணக்குப் போட்டால் 366க்குப் பதில் 365 வரும். வயது, பணிக்காலம் கணக்கிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

சரி, தீர்வு சின்னது. டேட் கட்டளையோடு மைனஸ் யூ (-u) சேருங்கள். அப்போது இரண்டு தேதியும் உலகப் பொது நேரத்தில் எடுக்கப்படும். அங்கே கடிகாரத்தை யாரும் தள்ளுவதில்லை, 86,400 சரியாக வகுபடும். இரண்டுக்கும் சேர்க்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் போதாது. ஆனால் "இன்று என்ன தேதி" என்று கேட்கும்போது மைனஸ் யூ போடாதீர்கள். சென்னையில் காலை ஐந்தரைக்கு முன்னால் தானாக ஓடும்படி நேரம் குறித்து வைத்த க்ரான் வேலைக்கு அது நேற்றைய தேதியைக் கொடுத்துவிடும். உள்ளூர்த் தேதியை முதலில் வாங்குங்கள், அப்புறம் அதைப் பொது நேரமாகப் பாவித்து வினாடியாக்குங்கள். ஒரு வேலை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்ப்பது வேறு விஷயம். அதற்கு வினாடியை நேராகக் கழிப்பதுதான் சரி.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் கொடுங்கள். 03/04/2025 என்று நாம் எழுதுவது ஏப்ரல் 3. லினக்ஸில் உள்ள டேட் அதை மார்ச் 4 என்று படிக்கும், ஒரு எச்சரிக்கைகூட வராது. 13ஆம் தேதி வந்த பிறகுதான் பிழை என்று கத்தும். அதற்குள் 12 நாள் பில்கள் போயிருக்கும்.

"ஒரு மாதத்துக்கு முன்" என்று 2025 மார்ச் 31 அன்று டேட்டிடம் கேட்டால் பிப்ரவரி வராது. பிப்ரவரி 31 என்று ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3 வரும். போன மாதத்தின் பெயர் வேண்டுமென்றால் 15ஆம் தேதியிலிருந்து பின்னே போங்கள்.

ஒரே ஒரு கெஞ்சல். அமெரிக்க சர்வருக்கு எதையாவது அனுப்பும் முன், உங்கள் லேப்டாப்பில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் (TZ) மாறியை America/New_York என்று வைத்து, 2025 மார்ச் 1, மார்ச் 31 இரண்டையும் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. 30 வந்தால் அனுப்புங்கள்.