விலையை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?

மும்பையில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் தமிழர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைச் சீர்செய்து கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. தாராவியில் முறுக்கு சுடுகிறவர்கள், செம்பூரில் ரவிக்கை தைக்கிறவர்கள், டோம்பிவிலியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள், மாட்டுங்காவில் கல்யாணப் பெண்ணுக்குப் பூச்சடை தைத்துத் தருகிறவர்கள் எனப் பலர் வருகிறார்கள். படங்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கின்றன. ஆர்டர்தான் வருவதில்லை. பக்கத்தைக் கொஞ்சம் புரட்டினால் காரணம் தெரிந்துவிடும். விலை இருக்காது, எந்த ஏரியா என்று இருக்காது, எப்படி வாங்குவது என்றும் இருக்காது.

"விலைக்கு டிஎம் செய்யவும்" என்று, அதாவது தனிச்செய்தியில் கேட்கச் சொல்லி, எல்லாப் படத்துக்கும் கீழே ஒரு வரி. ஏன் என்று கேட்டால், "பக்கத்துத் தெருக்காரங்க பாத்துட்டு அஞ்சு ரூபா குறைச்சு விப்பாங்க அக்கா" என்பார்கள். பக்கத்துத் தெருக்காரர் வேறொரு கணக்கிலிருந்து கேட்டு எப்போதோ விலையைத் தெரிந்துகொண்டிருப்பார். கேட்காமல் போவது வாங்க நினைத்தவர்தான். விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் கேட்கவே மாட்டார்கள். முறுக்கு என்றால் கால் கிலோ என்ன விலை, அரைக் கிலோ என்ன விலை என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். தையல் போல ஆளுக்கு ஆள் மாறும் வேலைக்கு, சாதா ரவிக்கை எவ்வளவிலிருந்து, ஆரி வேலை எவ்வளவிலிருந்து என்று தொடக்க விலையாவது போடலாம்.

அடுத்தது இடம். மும்பைக்காரர்கள் ரயில் லைனை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோ மாவுக்காக வெஸ்டர்ன் லைனில் உள்ள விராரிலிருந்து சென்ட்ரல் லைனில் உள்ள டோம்பிவிலிக்கு யாரும் வரப்போவதில்லை. அதே சென்ட்ரல் லைனில் தாணேக்கு வேலைக்குப் போகிறவர், ஸ்டேஷன் வாசலில் கைக்குக் கை கொடுப்பீர்கள் என்று தெரிந்தால் மாலையில் வாங்கிப் போவார். எந்த ஸ்டேஷன், கிழக்கா மேற்கா, எத்தனை மணிக்கு என்பதைப் பக்கத்தின் மேலே வரும் அறிமுக வரிகளில், அதாவது பயோவில், எழுதுங்கள். பெயர் போடும் கட்டத்தில் கடைப் பெயரோடு பொருளையும் ஏரியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் இருக்கும் சொற்கள் தேடலுக்குப் பயன்படும்.

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். தாராவி முறுக்குப் பக்கத்துக்குத் திருநெல்வேலிச் சொந்தபந்தமெல்லாம் லைக் போடும். அதில் ஒரு பாக்கெட்கூட விற்காது. தொழில்முறைக் கணக்குக்கு மாறினால் பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று ஆப்பே காட்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது வீண் என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தொழில்முறைக் கணக்கில் 'பிசினஸ்' வகையைத் தேர்ந்தெடுத்தால் சினிமாப் பாட்டுகள் பலவும் கிடைக்காமல் போகும், உரிமைப் பிரச்சினை. இதற்காகவே பழைய கணக்குக்குத் திரும்பியவர்கள் உண்டு. எண்ணெயில் முறுக்கு விழும் சத்தத்தைவிடவா பாட்டு வேண்டும்?

படத்துக்குப் பெரிய கேமரா வேண்டாம். ஒரே ஜன்னல் உள்ள வீடானாலும் காலையில் அந்த ஜன்னலோரம் வைத்து, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், அதில் உங்கள் போனும் முகமும் தெரியும். சீடை பக்கத்தில் கை விரல் இருந்தால் அளவு புரியும். 2025 முதல் பக்கத்தின் கட்டங்கள் சதுரத்திலிருந்து நெட்டையாக மாறிவிட்டதால் பழைய சதுரப் படங்களின் ஓரம் வெட்டுப்படுகிறது. விலையையும் போன் எண்ணையும் ஓரத்தில் எழுதியிருந்தால் அவையும் போய்விடும், நடுவில் எழுதுங்கள். இணையத்தில் கிடைத்த ரவிக்கைப் படத்தை நீங்கள் தைத்ததுபோல் போடவே போடாதீர்கள். வாடிக்கையாளர் அதே வேலைப்பாட்டைக் கேட்டு வருவார், சண்டையில்தான் முடியும்.

உணவு விற்கிறவர்கள் வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பயோவில் போட்டால், முகம் தெரியாதவரும் கொஞ்சம் நம்பி வாங்குவார்.

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் மோசடிக்காரர்கள் வருவார்கள். "பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் கணக்கு மூடப்படும்" என்று டிஎம்மிலோ மின்னஞ்சலிலோ ஒரு லிங்க் வரும். பயந்துபோய் அதில் பாஸ்வேர்டைப் போட்டால் பக்கம் அவர்கள் கைக்குப் போய்விடும். இன்ஸ்டாகிராம் உண்மையிலேயே அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செட்டிங்ஸில், பாஸ்வேர்டு, பாதுகாப்பு பகுதிக்குள் இருக்கிறது. அங்கே இல்லாத மின்னஞ்சலை நம்ப வேண்டாம். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். கணக்கு உங்கள் சொந்த எண்ணிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் அவன் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்திருப்பான். புனேயில் வேலை கிடைத்துப் போகும்போது பாஸ்வேர்டும் அவனோடு போய்விடும்.

தீபாவளி நெருங்கும்போது ராணுவ அதிகாரி என்று சொல்லி ஒருவர் மொத்த ஆர்டர் கொடுப்பார். பேரமே பேச மாட்டார், அதிலேயே சந்தேகம் வர வேண்டும். முன்பணம் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து, உங்கள் யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்பார். யுபிஐயில் பணம் பெறப் பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. பணம் போட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஒருமுறை வாங்கியவரை மறுபடி வரவழைக்க, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்தான் இன்ஸ்டாகிராமைவிட உதவும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். கோகுலாஷ்டமிக்குப் பத்து நாள் முன்பே சீடை, தட்டை விலையை அதில் அனுப்பிவிடுங்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அந்தச் செய்தி போகாது என்பதால், பார்சல் கவரில் எண்ணை எழுதி, சேமித்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.