பாகுநிலை கொண்ட இருண்ட பாய்மம்: சூப்பர்நோவாவில் தேறினால் மட்டும் போதாது

"இருண்ட ஆற்றலே வேண்டாம், கரும்பொருளின் பாகுநிலையே பிரபஞ்சத்தின் விரிவை முடுக்குகிறது" என்று சொல்லும் ஆய்வுகள் அவ்வப்போது வருகின்றன. இருண்ட ஆற்றல் என்பது அந்த முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படும் இன்னதென்று அறியாத ஆற்றல்; கரும்பொருள், ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் காணாப் பருப்பொருள்; பாகுநிலை, பாய்மத்தின் உள் உராய்வு. இதை அபத்தம் என்று ஒதுக்க முடியாது. விரியும் பாய்மத்துக்குப் பரும பாகுநிலை (கனஅளவு மாறுவதை எதிர்க்கும் உராய்வு) இருந்தால் அதன் அழுத்தம் குறையும். இயற்பியலாளர் எக்கார்ட் 1940-இல் தந்த வடிவப்படி, பாகுநிலைக் கெழுவையும் ஹபிள் வீதத்தையும் (பிரபஞ்சம் விரியும் வீதம்) பெருக்கி, அதன் மும்மடங்கை அழுத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். எதிரழுத்தம் போதிய அளவு சேர்ந்தால் விரிவு முடுக்கமடையும்.

கோளாறு சோதிக்கும் முறையில்தான். கெழு மாறாதது, பருப்பொருள் முழுவதும் ஒரே பாய்மம் என்ற எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். கெழுவை 24π, ஈர்ப்பு மாறிலி ஆகியவற்றால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் ஹபிள் மாறிலியாலும் (ஹபிள் வீதத்தின் இன்றைய மதிப்பு) வகுத்தால் அலகற்ற எண் ஒன்று கிடைக்கும். அதை 'ப' என்போம். ஹபிள் மாறிலியை 1 எனக் கொண்டால் எந்தக் காலத்து ஹபிள் வீதமும் ப/3 + (1 − ப/3) × (1 + செம்பெயர்ச்சி)^1.5. செம்பெயர்ச்சி என்பது விரிவால் ஒளியலை நீண்ட அளவு; அது கூடக் கூட நாம் பார்ப்பது முந்தைய காலம். ப 1-ஐத் தாண்டினால் இன்று முடுக்கம் உண்டு. தொலைவை அளக்க உதவும் விண்மீன் வெடிப்புகளான சூப்பர்நோவாக்களின் தரவு கேட்பது ஏறத்தாழ 1.9. பாஸ்கல்-வினாடியில் அது 7 கோடிக்கு மேல்! தண்ணீருக்கோ ஆயிரத்தில் சில பங்குதான்.

இதே 1.9-ஐ வைத்துப் பின்னோக்கிப் போனால் சிக்கல் தெரியும். முடுக்கம் தொடங்கும் செம்பெயர்ச்சி சுமார் 1.3 என்று வருகிறது. இருண்ட ஆற்றலை மாறிலியாகக் கொள்ளும் வழக்கமான லாம்ப்டா மாதிரியில் அது 0.63. ஆரம்ப காலத்தில் பருப்பொருள் அடர்த்திப் பங்கு (1 − ப/3)-இன் வர்க்கம், அதாவது 0.134. ஹபிள் மாறிலி 70 (கி.மீ./வினாடி/மெகாபார்செக்) என்றால் இயல் அடர்த்தி (அந்தப் பங்கை, 100-ஆல் வகுத்த ஹபிள் மாறிலியின் வர்க்கத்தால் பெருக்கியது) 0.066 மட்டுமே, பிளாங்க் செயற்கைக்கோளின் நுண்ணலைப் பின்னணி (ஆதிப் பிரபஞ்சத்தின் எஞ்சிய ஒளி) அளவீடு சொல்வது 0.143. அந்த மதிப்பை எட்ட ஹபிள் மாறிலியை 103-க்கு ஏற்ற வேண்டும். 67-ஆ 73-ஆ என்று சண்டை நடக்கும் இடத்தில் 103-ஐ யார் ஏற்பார்கள்?

தரவைக் கையாளும்போதும் வழுக்கும் இடங்கள் உண்டு. பாந்தியன் பிளஸ் தொகுப்பில் 1550 சூப்பர்நோவாக்களின் 1701 ஒளிவளைகோடுகள் உள்ளன. பிழைகள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பைக் காட்டும் 1701-க்கு 1701 இணைமாறுபாட்டு அணியை முழுதாகப் பயன்படுத்தாமல் மூலைவிட்டத்தை மட்டும் எடுத்தால் பிழைப்பட்டை பொய்யாகச் சுருங்கும். செம்பெயர்ச்சி 0.01-க்குக் கீழுள்ளவற்றை, தனி இயக்க வேகங்கள் கெடுப்பதால், விலக்குவது நல்லது. சூப்பர்நோவாவின் தனி ஒளிர்வெண்ணும் (அதன் உண்மை ஒளிர்வு) ஹபிள் மாறிலியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. செபீட் விண்மீன்களால் பெறும் தொலைவு அளவீடு சேராமல் ஹபிள் மாறிலியை அறிவித்தால் அது தரவு சொன்னதல்ல, ஆய்வாளர் முன்கூட்டியே வைத்த அனுமானம் சொன்னது. கெழுவை அடர்த்தியின் அடுக்காக மாற்றினால் கூடுதலாக ஓர் அளவுரு வரும். கூடுதல் அளவுருவுக்குத் தண்டம் விதிக்கும் பேய்ஸ் தகவல் அளவுகோலில் அது தன் இடத்தைச் சம்பாதிக்க, தரவிலிருந்து மாதிரி விலகும் அளவான கை-வர்க்கம் குறைந்தது 7.4 இறங்க வேண்டும். நுண்ணலைப் பின்னணியின் முழுத் தரவுக்குப் பதிலாக, அதை ஒரே எண்ணாகச் சுருக்கிய 'ஷிஃப்ட்' எண்ணைப் போடுவதும் பரவலான குறுக்குவழி. அந்த எண்ணே லாம்ப்டா மாதிரியை ஒட்டிப் பிழியப்பட்டது.

கெழு மாறும் அந்த அடர்த்தி அடுக்கை −1/2 என வைத்தால் பாகு அழுத்தம் மாறாமல் நிற்கும். அப்போது விரிவு வரலாறு லாம்ப்டா மாதிரியோடு அச்சு அசலாக ஒன்றிவிடும். எத்தனை ஆயிரம் சூப்பர்நோவா வந்தாலும், பேரியான் ஒலி அலைவுத் தொலைவுகள் (ஆதி ஒலி அலைகள் விண்மீன் திரள்களின் பரவலில் விட்ட தடத்தால் அளப்பவை) வந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிப்பது அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளின் வளர்ச்சிதான். பாகுநிலை சிறு அளவுகளில் அந்த வளர்ச்சியை அமுக்கும், ஈர்ப்புக் குழிகளைச் சீக்கிரம் ஆழம் குறைக்கும். குழிகள் ஆழம் குறைவதால் நுண்ணலைப் பின்னணியின் பெரிய கோணங்களில் வரவேண்டியதைவிடக் கூடுதல் ஏற்ற இறக்கம் வரும். ஒன்றிணைந்த பாகு மாதிரி இந்த இடத்தில் அடிவாங்குவதை ஆய்வாளர்கள் லீ, பாரோ இருவரும் 2009-இலேயே காட்டிவிட்டார்கள்.

எக்கார்ட் வடிவம் சமநிலையிலிருந்து சிறு விலகலுக்கே செல்லும். முடுக்கத்துக்குத் தேவைப்படுவதோ சமநிலை அழுத்தத்தை மிஞ்சும் பாகு அழுத்தம். எக்கார்ட் வடிவில் சமிக்ஞைகள் ஒளியை முந்தும் குறையும் உண்டு. ஆகவே அந்தக் குறையைத் தவிர்க்கும் இஸ்ரேல்–ஸ்டீவர்ட் சமன்பாட்டில், தளர்வு நேரத்தையும் (பாகு அழுத்தம் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரம்) ஓர் அளவுருவாக விட்டு மறுபடி பொருத்த வேண்டும். விண்மீன் திரள்களின் வளர்ச்சி வீத அளவீடுகள் அட்டவணையில் இல்லாத ஆய்வு, இந்த மாதிரியைப் பாதிதான் சோதித்திருக்கிறது.