மடையில் குனிந்தவரும் பன்றியாகத் தெரிவார்

சத்தியமங்கலம் பக்கம் கேமரா பொருத்துகிற வேலை எனக்கு. கடைக்கு வரும் விவசாயிகளில் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஏனுங்க, துப்பாக்கி மேல மாட்டுற தெர்மல் ஸ்கோப் கிடைக்குங்களா? பன்னித் தொந்தரவு தாங்க முடியலைங்க." இருட்டிலும் உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டுகிற கருவி அது. ஒரே ராத்திரியில் குச்சிக்கிழங்குக் காட்டையே கிளறிப்போட்டுப் போயிருக்கும், அந்த வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் ஸ்கோப் நான் விற்பதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காட்டுப்பன்றிக்காக 2025 தொடக்கத்தில் தமிழக அரசு வகுத்த முறையிலும், காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டர் தள்ளி, வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஸ்கோப் வழியாகத் தேடுகிறவர் பார்க்கும் திசையெல்லாம் துப்பாக்கிக் குழலும் திரும்புகிறது. "யாரது?" என்று பார்ப்பதே ஒருவர்மேல் குறி வைப்பதாகிவிடும். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளிலும், தேடுவதற்குக் கையில் பிடிக்கிற மோனோகுலர் (ஒரு கண்ணால் பார்க்கும் தெர்மல் கருவி) தனியாக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நம் காவலுக்கு அந்த மோனோகுலர் போதும்.

அதை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் '900 மீட்டர்' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அது ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரிகிற தூரம். என்னவென்று தெரிகிற தூரம் அதில் சிறு பங்குதான். ஒரு புள்ளி (பிக்சல்) 12 மைக்ரான் அளவுள்ள சென்சாரும் 19 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்ட கருவியில், 300 மீட்டரில் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 19 சென்டிமீட்டரை அடைத்துக்கொள்ளும். 80 சென்டிமீட்டர் உயரப் பன்றிக்கு நாலே புள்ளி. 100 மீட்டரில் அதே பன்றி பன்னிரண்டு புள்ளிக்கு மேல் வரும். கால், மூஞ்சி பிரிந்து தெரியும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 300 மீட்டரிலேயே எட்டுப் புள்ளி கிடைக்கும், ஆனால் பார்வை குறுகும். வரிசைக்கு 256 புள்ளியா 640 புள்ளியா என்று எல்லாரும் சென்சாரைத்தான் கேட்கிறார்கள். லென்ஸும் புள்ளி அளவும் ஒன்றாக இருந்தால் பெரிய சென்சார் அகலமாகக் காட்டும், அவ்வளவுதான். டிஜிட்டல் ஜூம் அந்த நாலு புள்ளியையே ஊதிக் காட்டும்.

புளியம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோனோகுலரை இயக்கிக் காட்டினேன். தோட்டக்காரர் கருவியைக் கண்ணில் வைத்ததும், "பன்னிதானுங்க, வாய்க்கா ஓரம் மேயுது" என்றார். அது அவர் மச்சான். ராத்திரிக் கரண்டுக்கு எழுந்து, மடை மாற்றக் குனிந்திருந்தவர். நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டதும் நிமிர்ந்தார். தோட்டக்காரர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வெயில் காலத்தில் பாறை நடுச்சாமம் வரை சூட்டை வைத்திருக்கும். படுத்த மாடு போலவே தெரியும். தாளவாடிப் பனிமூட்டத்தில் படம் மங்கும். கார் கண்ணாடியை இறக்காமல் பார்த்தால் உங்கள் சூடுதான் திரும்பத் தெரியும். கோவைப் பக்கம் மதுக்கரையில் ரயில்பாதைக்கு வரும் யானைகளுக்காக 2024இல் வனத்துறை கோபுரங்களில் தெர்மல் கேமரா வைத்தபோது, "அதே மாதிரி தோட்டத்துக்கு வேணுமுங்க" என்று பலர் வந்தார்கள். அது பார்த்துச் சொல்கிற ஏற்பாடு. உங்கள் கருவியும் அப்படியே இருக்கட்டும். யானை தெரிந்தால் கிட்டப் போகாமல் வீட்டுக்குள் வந்து வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். கண்ணை எடுத்ததும் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. வேலிக் கம்பி தெர்மலில் விழாது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் தெரியும் என்று நம்ப முடியாது. டார்ச் கையிலேயே இருக்கட்டும்.