புது விண்டோஸில் பழைய தமிழ் ஏன் உடைகிறது?

யாங்கோனில் தமிழர் கோயில் ஒன்றின் அறிவிப்புத் தாளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மேலே தமிழ் இருக்கும், கீழே பர்மியம் இருக்கும். கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, அவர்களுக்காகப் பர்மியம். பெரியவர்களுக்கோ தமிழ் இல்லாத பத்திரிகை பத்திரிகையே இல்லை. இந்தக் கோப்புகள் எல்லாம் பல வருடமாக ஒரே பழைய கணினியில் கிடக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். அதனால் ஒருநாள் யாராவது ஒரு தம்பி வந்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல். பர்மியம் இருந்த இடத்தில் பர்மியம் மாதிரி ஏதோ ஒன்று.

ஃபாண்ட், அதாவது எழுத்துரு, போய்விட்டது என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கோப்பில் தமிழ் என்றைக்குமே இருந்ததில்லை என்பது.

கோப்புக்குள் எழுத்தின் வடிவம் இருக்காது, எண்கள்தான் இருக்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடு யூனிகோடு. அதில் 'தமிழ்' என்று அடித்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் பதிவாகும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இந்த எண்கள் தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, வேறு மொழிக்குக் கிடையாது. அதே சொல்லைப் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தால் 106, 107, 112, 111, 59 என்று பதிவாகும். கணினியைப் பொறுத்தவரை இவை ஜே, கே, பி, ஓ என்னும் நாலு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்று வரும் இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து காட்டுவதுதான் பாமினி எழுத்துரு செய்யும் வேலை. ஆங்கிலத்துக்குத் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து உள்ளே இருப்பது தெரிகிறது.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் தெரியாது, வேறு வழியும் இல்லை. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி பரவியது. தமிழ்நாட்டு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. இணையத்தில் திஸ்கி என்ற இன்னொரு குறியீடு ஓடியது. யாங்கோனில் இருக்கும் பழைய கோப்புகளில் இவை கலந்துதான் கிடக்கும். சென்னைக்கோ கொழும்புக்கோ போய்வந்தவர் எந்த சி.டி.யைக் கொண்டுவந்தாரோ அந்த ஃபாண்ட். டாப்பும் திஸ்கியும் ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டு, 128-க்கு மேலே 255 வரை உள்ள இடங்களில் உட்கார்ந்தவை. அவை உடைந்தால் ஆங்கிலம் தெரியாது. தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

வேர்டு கோப்பு எண்களோடு சேர்த்து எழுத்துருவின் பெயரை மட்டும் வைத்திருக்கும். எழுத்துருவையே உள்ளே வைத்திருப்பது அபூர்வம். திறக்கும்போது விண்டோஸிடம் "பாமினி இருக்கிறதா?" என்று கேட்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வேர்டின் மேலே எழுத்துருப் பெட்டியில் அப்போதும் 'பாமினி' என்றே எழுதியிருக்கும். பெயர்தான் இருக்கிறதே, ஃபாண்டும் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி காட்டுவது கோப்பு எதைக் கேட்கிறது என்பதை. கணினியில் என்ன இருக்கிறது என்பதை அல்ல. வேர்டின் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பொத்தான் உண்டு. எது இல்லை, அதற்குப் பதில் எது வந்திருக்கிறது என்று அங்கே தெரியும்.

ஆகவே முதல் வேலை எதையும் நிறுவுவது அல்ல. திரையில் எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். உடைந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஆங்கிலக் கிறுக்கல் என்றால் பாமினி வகை, எழுத்துரு இல்லை. வெறும் கட்டம் கட்டமாக வந்தால் எண்கள் சரியான யூனிகோடு எண்கள்தான். அவற்றுக்கு வடிவம் தரும் எழுத்துரு கைக்கு அகப்படவில்லை. இது இப்போது குறைவு, ஏனென்றால் விண்டோஸ் 8-லிருந்து தமிழுக்கு 'நிர்மலா'வும் பர்மியத்துக்கு 'மியான்மர் டெக்ஸ்ட்'டும் கூடவே வருகின்றன. ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்களான லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10-ல் கட்டாயப் பட்டியலிலிருந்து விலகிவிட்டன. லதாவில் அடித்த பத்திரிகை நிர்மலாவில் திறக்கும். படிக்க முடியும், ஆனால் வரி நீண்டு, ஒரு பக்கத்தில் அடங்கியது அடுத்த பக்கத்துக்கு வழியும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் லதா திரும்பி வந்துவிடும். அதற்கு இணையம் வேண்டும்.

தலையில் கோடு போட்ட ஒரு 'ஏ', அதற்கடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே 'ஏ', அதே 'ஆர்' என்று வரி முழுக்க வந்தால் பதறவே வேண்டாம். அது நல்ல யூனிகோடுத் தமிழ். படிக்கும் மென்பொருள் தப்பாகப் படிக்கிறது. யூனிகோடு எண்களைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு பைட் ஒன்றேதான். அவற்றைப் பழைய மேற்கத்தியக் குறியீடாக எடுத்துக்கொண்டால் அந்த 'ஏ'யும் வட்ட 'ஆர்'உம் வரும். பர்மியம் இப்படித் தப்பாகப் படிக்கப்பட்டால் வட்ட 'ஆர்' இருக்காது, யூரோ நாணயக் குறி வந்துகொண்டே இருக்கும். நோட்பேடில் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

சுவாரசியமானது புள்ளி வட்டம். எழுத்து இல்லாமல் குறி மட்டும் தனியாக நின்றால், அது ஒட்டிக்கொள்ள இடமில்லை என்று காட்டக் கணினி போடும் வட்டம் அது. 'கோயில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'க', அப்புறம் ஓகாரக் குறி. கண்ணுக்கு 'க'வின் இடப்பக்கம் இரட்டைக்கொம்பு, வலப்பக்கம் துணைக்கால் என்று தெரிவதெல்லாம் காட்டும் நேரத்தில் நடப்பது. குறியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் நிறுத்துவதற்கு விண்டோஸுக்குள் தனியாக ஒரு பகுதி வேலை செய்கிறது. பாமினியில் அந்த வேலை கிடையாது. கொம்பு, க, கால் என்று கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே அடித்துவிடுவோம். அதே வரிசை யூனிகோடில் வந்தால், முதலில் நிற்கும் கொம்புக்கு ஒட்ட எழுத்து இல்லாமல் புள்ளி வட்டம் விழும்.

பர்மியத்திலும் கதை இதேதான். அங்கேயும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்பு உண்டு, எழுத்தை வளைத்துப் பிடிக்கும் குறியும் உண்டு. எக்ஸ்பி காலத்து விண்டோஸ் இவற்றை அடுக்கித் தராது. அதனால் பார்க்கும் வரிசையிலேயே அடிக்கும் 'ஸோஜி' எழுத்துரு நாடெங்கும் பிடித்துக்கொண்டது. கைப்பேசிகளில்கூட அதையே போட்டு விற்றார்கள். பாமினியைவிட ஸோஜி செய்தது பெரிய குழப்பம் என்பது என் கருத்து. பாமினி ஆங்கிலத்தின் இடத்தில் உட்கார்ந்தது. உடைந்தால் உடைந்தது என்று பளிச்சென்று தெரியும். ஸோஜியோ யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய எண்களிலேயே உட்கார்ந்துகொண்டு, அவற்றுக்கு வேறு பொருள் கொடுத்துவிட்டது. மோன், ஷான், கரென் மொழி எழுத்துகளுக்கு உரிய இடங்களில்கூடத் தன் வடிவங்களை வைத்தது.

'மியன்மா' என்ற சொல்லைப் பர்மியத்தில் எழுதினால் முதலில் 'ம', அதை இடமிருந்து வளைத்துப் பிடிக்கும் 'ர' குறி. ஸோஜியில் அந்தக் குறி 4155-ஆம் எண்ணில், 'ம'வுக்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் 4155 வேறு. அது 'ய' குறி, எழுத்துக்குப் பின்னால் வர வேண்டியது. ஆக ஸோஜியில் அடித்ததை யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் சொல்லின் தொடக்கத்திலேயே ஒரு புள்ளி வட்டம், அதில் 'ய' குறி தொங்கும். அடுத்தது 4153. ஸோஜியில் அது நம் மெய்ப்புள்ளி மாதிரி. யூனிகோடில் அடுத்த எழுத்தைக் கீழே அடுக்கு என்னும் கட்டளை. எனவே பின்னால் வரும் 'ம' வரியிலிருந்து இறங்கி 'ன'வுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். பர்மியம் படிக்கத் தெரியாத நம் பெரியவர் ஒருவர் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

மியான்மர் 2019 அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் அடித்த கோப்பு என்றால் ஸோஜி என்றே முதலில் சந்தேகப்படலாம்.

சரி, எழுத்துருவை எங்கே தேடுவது? வட்டை முழுவதும் அழிக்காமல் புது விண்டோஸ் போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ். பழைய எழுத்துருக்கள் அங்கே அப்படியே கிடக்கும். ஆனால் பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும். ஆகவே வேறு எது செய்தாலும் முதலில் அந்த ஃபாண்ட்ஸ் கோப்புறையை ஒரு யுஎஸ்பியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும்போதும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து அது அந்தப் பயனருக்கு மட்டுமே நிறுவப்படுகிறது. பழைய மென்பொருள்கள் சிலவற்றின் கண்ணில் அது படாது. வலது சொடுக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்று கொடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ரீஜன் அமைப்பில் உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து என்று ஒரு பீட்டா பெட்டி இருக்கும். அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டிக் இருந்தால் டாப், திஸ்கி கோப்புகள் பழைய மென்பொருளில் கட்டாயம் குழம்பும்.

எழுத்துரு இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது, ஆனால் சில எழுத்துகள் மட்டும் நசுங்கியோ வேறு எழுத்தாகவோ வருகின்றன என்றால் அது ஃபாண்ட் கேஷ் கோளாறாக இருக்கலாம். எழுத்துருக்களை ஒவ்வொரு தடவையும் வட்டிலிருந்து படிக்காமல் விண்டோஸ் ஒரு சேமிப்பில் வைத்துக்கொள்ளும். நிறுவும்போது மின்சாரம் போனால் அந்தச் சேமிப்பு பாதியில் நின்றுவிடும். மின்வெட்டு பற்றி யாங்கோன்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஃபாண்ட் கேஷ் சர்வீஸை நிறுத்தி, சேமிப்புக் கோப்புகளை அழித்து, கணினியை மறுபடி தொடங்கினால் புதிதாகக் கட்டிக்கொள்ளும். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றால் இது எதுவும் வேண்டாம், கிளியர்டைப் அமைப்பை ஓட்டினால் போதும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் கூடவே வரும் தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களை வடிவமைத்தவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். மியான்மர் எம்என் பர்மிய எழுத்துருவும் அவருடையதே. அதனால் மேக்கில் நம் பத்திரிகையின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே கையில் வரைந்த எழுத்தாக இருக்கும். கேஷ் குழம்பினால் மேக்கை ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கினால் சரியாகிவிடும்.

பாமினியைத் திரும்ப நிறுவிவிட்டால் கோப்பு பழையபடி தெரியும், அச்சடிக்கலாம். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது; வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி ஜேகேபிஓதான். ஆகவே வருடா வருடம் எடுத்துத் திருத்தும் கோப்புகளையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பர்மியப் பகுதிக்கு, எழுதியிருப்பது ஸோஜியா யூனிகோடா என்று நிகழ்தகவு கணக்கிட்டுச் சொல்லும் நிரலைக் கூகுள் பொதுவில் வைத்திருக்கிறது. மிகச் சின்னத் துண்டு வரிகளில் அதை நம்பிவிடக் கூடாது. முழுப் பத்தியாகக் கொடுங்கள்.

முழுக் கோப்பையும் அள்ளி மாற்றியில் போடாதீர்கள். பாமினிக் கோப்பில் நடுவே உண்மையான ஆங்கிலமும் இருக்கும், மாற்றிக்கு வித்தியாசம் தெரியாது. மண்டபத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹால்' என்று சிற்றெழுத்தில் எழுதியிருந்தால் ஒரு துணைக்கால், ஒரு 'ய', இரண்டு 'ட' என்று வந்து நிற்கும். வேர்டில் எழுத்துருவின் பெயரை வைத்துத் தேடும் வசதி உண்டு. பாமினி என்று குறித்திருக்கும் துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். பர்மியத் துண்டுகளுக்கும் அதே வழிதான். பாமினி என்ற பெயரில் சுற்றும் எழுத்துருக்கள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் மாற்றி முடித்ததும், முன்பு அச்சடித்த பழைய பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்களின் பெயரையும் ஊர்ப்பெயரையும் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது எழுத்துரு உள்ளேயே பதிந்த பிடிஎஃப் ஆக அனுப்பினால் அங்கேயிருக்கும் விண்டோஸ் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.