கருவிழியில் ஒரு கடுகளவு வெளிச்சம்

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: படத்தின் முற்பாதியில் வெகுளியாகத் திரியும் நாயகன் பிற்பாதியில் கொலைக்குத் துணிந்த பின், நடிகரும் தலைமுடியும் சட்டையும் மாறாதிருந்தும், முகம் மட்டும் வேறொருவருடையதாகத் தெரிவது எப்படி?

தாடி, தழும்பு, உடல் இளைப்பு ஆகியவை எல்லோரும் அறிந்த வழிகள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் கேட்கும் மாற்றத்தில் பெரும்பங்கு, கருவிழியில் மின்னும் ஒரு புள்ளியைச் சார்ந்தது.

கண்ணின் முன்புறமுள்ள கார்னியா, கண்ணீர்ப் படலம் பூசிய வழவழப்பான குவி ஆடி. அதன் வளைவு ஆரம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். ஆகவே குவியத் தொலைவு 4 மில்லிமீட்டர். பள்ளியில் படித்த அதே விதிப்படி, 2 மீட்டர் தள்ளியிருக்கும் 1 மீட்டர் அகலச் சன்னல் அந்த ஆடியில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள நேரான மாய பிம்பமாகச் சுருங்குகிறது. நாம் 'கண்ணில் உயிர் இருக்கிறது' என்று சொல்வது, பெரும்பாலும், எதிரில் இருக்கும் விளக்கின் இந்தக் குட்டி உருவத்தைப் பார்த்துத்தான். மீன் வாங்குகிறவர்கள் கண் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே ஆடி தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான். உயிர் போனபின் கார்னியா மெல்ல மங்கிவிடுகிறது.

ஒளிப்பதிவாளர் விளக்கை முகத்துக்கு எதிரிலிருந்து உச்சந்தலைக்கு மேலே ஏற்றும்போது, புருவ எலும்பும் மேல் இமையும் ஒளியை மறித்துவிட, புள்ளி அணைகிறது, கண்ணின் வெள்ளையும் இருளில் மூழ்குகிறது. மனிதக் கண்ணில் வெள்ளைப் பகுதி மிக அகலமாக வெளியே தெரிவதை 1997-இல் ஹிரோமி கோபயாஷி, ஷிரோ கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் பிற குரங்கினங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அந்த வெள்ளையை வைத்தே ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று கணித்து, அதிலிருந்து அவர் நினைப்பை ஊகித்துப் பழகிய நமக்கு, அது மறைந்தவுடன் எதிராளியின் மனக்கதவே சாத்தப்பட்டதுபோல் இருக்கிறது. 1972-இல் வெளிவந்த 'காட்ஃபாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், நடிகர் மார்லன் பிராண்டோவின் கண்களை மேல்வெளிச்சத்தால் நிழலில் வைத்தது இதற்குச் சிறந்த சான்று. பாத்திரத்தின் மனமாற்றத்தில் பாதியை நாமே ஊகித்து நிரப்பிக்கொள்கிறோம் என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

மதுரையில் இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். இவ்வூர் ஏறத்தாழ 9.9 பாகை வடக்கில் இருப்பதால், சித்திரை பிறந்த ஓரிரு நாளில், பகல் 12.17 மணி வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது நண்பரை மாசி வீதியில் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கண்கள் இரண்டு குழிகளாகத் தெரியும். பிறகு அவர் மார்பளவில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். படப்பிடிப்பிலும் இதைத்தான் செய்கிறார்கள். நண்பர் உடனே பழைய நண்பராகிவிடுவார்.

இதனால்தான் 'திருட்டு முழி' என்ற சொல் என்னைக் கலங்க வைக்கிறது. முகத்தைப் பார்த்தே குணம் சொல்லும் சாமுத்திரிகா நம்பிக்கையை வைத்து இன்றும் பெண் பார்க்கிறார்கள், வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். புருவம் சற்றே முன்தள்ளிய ஒருவர் உச்சியில் எரியும் ஒற்றை பல்பின் கீழ் உட்கார்ந்திருந்தால், அவர் விழியில் புள்ளி இராது. அவரைச் சன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.