மார்க்கில் சந்தேகமா? விடைத்தாளைப் பார்ப்பது உங்கள் உரிமை

செமஸ்டர் முடிவு வந்த மறுநாள், பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர் அறை வாசலில் சின்னக் கூட்டம் ஒன்று நிற்கும். "நல்லாத்தான் சார் எழுதினேன்" என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும் பேச்சு. "தாள்ல என்ன இருக்கோ அதுக்குத்தாம்பா மார்க்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மாணவர் ராத்திரி கண்விழித்துப் படித்ததை நினைத்துப் பேசுகிறார். திருத்தியவருக்கு அந்த ராத்திரி தெரியாது. அவர் கைக்கு வந்தது பெயர் மறைத்து டம்மி எண் போட்ட ஒரு தாள், பக்கத்தில் ஒரு விடைக்குறிப்பு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நம் சட்டமும் விதிகளும் ஒரு கோடு போட்டிருக்கின்றன. அது எங்கே போகிறது என்று தெரியாமல் பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள், இல்லையென்றால் மனம் உடைந்து சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மார்க், 40; செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். ஒரு மாணவி இன்டர்னலில் 36 வாங்கியிருக்கிறார், தேர்வில் நூற்றுக்கு 44. அந்த 44 அறுபதுக்கு 26.4 ஆகிறது. மொத்தம் 62.4. வீட்டில் யாரிடம் காட்டினாலும் பாஸ் என்றுதான் சொல்வார்கள். ஆனால் விதிப்படி அது அரியர். திருத்தியவருக்கு 44-க்கும் 45-க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மார்க். அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு செமஸ்டர், இன்னொரு தேர்வுக் கட்டணம், வளாகத் தேர்வில் கைவிட்டுப் போகும் ஒரு வாய்ப்பு. கிரேடிலும் இதே கதைதான். 70 வாங்கினால் பி பிளஸ், புள்ளி 7. 71 வாங்கினால் ஏ, புள்ளி 8. ஒரு மார்க் ஏன் போனது என்று கேட்பதைப் பேராசை என்று ஆசிரியர்கள் நினைக்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முதல் படி, விடைத்தாளின் நகல். முடிவு வெளியானதும் பல்கலைக்கழகம் அறிவிக்கும் கெடுவுக்குள் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். கெடு மிகக் குறுகியது, சில நாள்களிலேயே முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான விதிகளில் அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. நகல் வந்ததும், அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் ஒருவர் அதைத் திருத்தி, கேள்விவாரியாக மார்க் போட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம். அதாவது ஆசிரியரும் மாணவரும் ஒரே தாளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒரு நேரத்தை விதியே ஏற்படுத்தித் தருகிறது. இதை வெறும் கையெழுத்துச் சடங்காக்கி விடாதீர்கள். "இந்தப் பதிமூணு மார்க் கேள்விக்கு எனக்கு ஏன் ஆறு போட்டிருக்காங்க?" என்று உட்கார்ந்து கேளுங்கள். படம் விட்டுப்போயிருக்கும், சமன்பாட்டின் நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கும். சில சமயம் ஒரு பக்கமே திருத்தப்படாமல் இருக்கும், கூட்டல் தவறியிருக்கும். எதுவானாலும் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லையென்றால் மறுஆய்வு என்று இன்னொரு படி உண்டு. மறுமதிப்பீட்டுக்குப் போனவர்கள்தான் அதற்குப் போக முடியும். செய்முறைத் தேர்வுக்கும் புராஜெக்ட்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது. வேறு பல்கலைக்கழகங்களில் முறை மாறும். மறுபடி திருத்தும்போது மார்க் குறைந்தால் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நகல் தரும் வழக்கமே இல்லாத இடத்தில் படிக்கிறீர்களா? அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஏ.கே. பட்நாயக் அமர்வு, திருத்தப்பட்ட விடைத்தாள் அந்தச் சட்டத்தின்படி 'தகவல்' என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் அதைப் பார்வையிடலாம், நகலும் வாங்கலாம். 'காட்ட மாட்டோம்' என்று தேர்வு அமைப்பு தனக்குள் விதி எழுதி வைத்திருந்தாலும் சட்டமே மேல். திருத்தியவரின் பெயரை மட்டும் தர மாட்டார்கள். அவருடைய பாதுகாப்பை எண்ணி நீதிமன்றமே அப்படிச் சொன்னது. அது நியாயமும்தான். இதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இந்தச் சட்டத்தை வைத்து மறுமதிப்பீடு கேட்க முடியாது.

கட்டணத்திலும் ஒரு விஷயம். கம்பெனி செக்ரட்டரி தேர்வு நடத்தும் நிறுவனம் விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்கு 500 ரூபாய் கேட்டதைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம், நிறுவனத்தின் வழியே கேட்டால் நிறுவனத்தின் கட்டணம் என்று 2019-இல் தீர்ப்பானது. தமிழ்நாட்டில் மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். தாள் பல்கலைக்கழகத்திடம் இருந்தால் மனுவையும் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்புங்கள், தமிழிலேயே எழுதலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடும். அதனால் பல்கலைக்கழகமே நகல் தருகிறது என்றால் அந்த வழியில்தான் முதலில் போக வேண்டும். தாளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதற்கும் வரம்பு உண்டு; ஆறப்போடாதீர்கள்.

இன்டர்னல் மார்க்தான் மாணவர்களை அதிகம் வதைக்கிறது. அங்கே டம்மி எண் இல்லை. திருத்துகிறவருக்கு முகம் தெரியும். 'சாருக்கு என்னைப் பிடிக்காது' என்ற பேச்சு பிறப்பதும் இங்கேதான். அதில் பாதி மனத்தாங்கல், ஆனால் முழுக்க அப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள், 2023 இருக்கின்றன. வெளிப்படையில்லாத அல்லது நியாயமற்ற மதிப்பீட்டு முறையை அவை ஒரு குறையாகவே ஏற்கின்றன. கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பேராசிரியர்களோடு ஒரு மாணவப் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக இருப்பார். கூடியவரை 15 வேலை நாள்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும், உங்களுக்கும் ஒரு நகல் வர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன கோடு வருகிறது. 'எனக்கு மார்க் குறைவு, திரும்பத் திருத்துங்கள்' என்று மட்டும் எழுதிய மனுவைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். முடிவையே மாற்றக்கூடிய குறிப்பிட்ட முறைகேடு, அல்லது குறிப்பிட்ட பாகுபாடு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு விடைக்கு ஐந்தா ஆறா என்பது ஆசிரியரின் தீர்ப்பு. அதில் குறைதீர்ப்பாளர் கைவைக்க மாட்டார்.

ஆகவே மனுவில் வருத்தத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். எந்தத் தேர்வு, எந்தத் தேதி, தாள் திருப்பித் தரப்பட்டதா, அதில் இருந்த மார்க் என்ன, பதிவேற்றியது என்ன, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு தாளையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். இன்டர்னல் மார்க் போர்ட்டலில் ஏறியதும், தேர்வு தொடங்கும் முன்பே, அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் தவறைப் பிடித்தால் பெரும்பாலும் மனுவே தேவைப்படாது, ஆசிரியரிடம் நேரில் காட்டினாலே போதும்.